பதினான்கு வரிப் பக்கம்

"மாமா, பக்கத்துக்குப் பதினாலு வரிதான். அதுக்கு மேல ஒரு எழுத்துகூடப் போகாது" என்று என் தமக்கை மகன் போன கோடை விடுமுறையில் ஒரு நாள் இரவு, திண்ணையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு சொன்னான். திருப்பதியில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் தமிழிலும் தெலுங்கிலுமாக மெய்ப்புத் திருத்தி, கண் சற்றே தளர்ந்த பின் ஊருக்குத் திரும்பி, எங்கள் குடும்பத்து மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டு காலம் கழிக்கும் எனக்கு, பக்கத்துக்கு இத்தனை வரி, வரிக்கு இத்தனை எழுத்து என்னும் நிர்ப்பந்தம் புதிய விஷயம் அன்று. ஆனால் அவன் கேட்டது அச்சிடுவதற்கான புத்தகம் இல்லை. அவனும் அவன் தோழர்களும் கணினியில் கூடிக் கட்டியிருக்கும் ஒரு கற்பனை ராஜ்யத்தின் புத்தக சாலையில் வைப்பதற்கு, அந்த ராஜ்யத்தில் பிறந்தவர் ஒருவர் எழுதியதைப் போன்ற ஒரு புத்தகம். அந்த ஒரு வேண்டுகோள் என்னை இவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்று அப்போது நான் நினைக்கவில்லை. இழுத்துச் சென்ற வழியை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்றே இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் பின்னால் வருவது விளங்கும். குடிபாலா, சித்தூரிலிருந்து வேலூருக்குப் போகும் சாலையில், ஆந்திர மாநிலத்தின் ஓரத்தில் இருப்பது. 1911-ஆம் ஆண்டு சித்தூர் ஜில்லா என்று ஒன்று உண்டாவதற்கு முன் இந்தப் பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. எல்லைக் கோடு பின்னால் வந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்ட எங்களைப் போன்ற குடும்பங்கள் பலவற்றில் வீட்டில் பேசுவது தமிழாகவும், பள்ளியில் படிப்பது தெலுங்காகவும் போய்விட்டது. என் மருமகனுடைய விளையாட்டுக் கூட்டத்தில் பதினோரு பேர். வேலூரில் இருக்கும் அவனுடைய பெரியப்பா பிள்ளைகள் மூவருக்குத் தெலுங்கு ஒரு சொல்லும் தெரியாது. மதனப்பள்ளியில் இருக்கும் அவனுடைய பழைய வகுப்புத் தோழன் ஒருவனுக்கும் அவன் தம்பிக்கும் தமிழ் தெரியாது. மற்றவர்கள் எங்கள் ஊரார்; இரண்டும் பேசுவார்கள், தமிழ் எழுத்துப் படிக்கத் தடுமாறுவார்கள். அவரவர் வீட்டில் இருந்தபடியே காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு இவர்கள் அத்தனை பேரும் ஒரே உலகத்தில் நடமாடுகிறார்கள் என்பதை நான் புரிந்துகொள்ளவே சில நாட்கள் ஆயின.

அவர்கள் ஆடுவது மைன்கிராஃப்ட். கட்டிகளை அடுக்கி உலகம் சமைக்கும் இந்த விளையாட்டில் புத்தகம் செய்யும் முறை, அச்சகத்தில் வாழ்ந்த எனக்குப் பெரிய மகிழ்ச்சியை அளித்தது. நீர்க்கரையில் வளரும் கரும்பை வெட்டித் தாள் செய்ய வேண்டும். மூன்று தாளோடு ஒரு தோலைச் சேர்த்தால் புத்தகம். அதனோடு ஓர் இறகும் மையும் சேர்ந்தால் எழுதுவதற்கு உரிய ஏடு. கரும்பு என்றால் ஆலையும் கொப்பரையும் வெல்லமும்தான் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். கரும்பிலிருந்து தாளும் வரும் என்று அந்த விளையாட்டில் பார்த்தபோது, யாரோ எங்கள் வயலை நினைத்து இதை அமைத்ததைப் போல் இருந்தது. எழுதி முடித்துத் தலைப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. கையெழுத்திட்ட மூலத்தைப் படியெடுக்கலாம். அந்தப் படியையும் படியெடுக்கலாம். படியின் படியிலிருந்து மட்டும் மேற்கொண்டு எடுக்க முடியாது. ஏட்டுச் சுவடி காலத்தில், மூன்றாம் கை மாறிய படியில் பாடம் எவ்வளவு சிதைந்திருக்கும் என்பதை அறிந்தவர்கள், இந்த விதியைக் கண்டு என்னைப் போலவே ஒரு கணம் நின்றுவிடுவார்கள்.

நான் முதலில் எழுதிய புத்தகம் ராஜ்யத்தின் ஸ்தல புராணம். நாற்பது பக்கம். சிருஷ்டியிலிருந்து தொடங்கி, மலைகள் தோன்றிய விதம், அரச வம்சம், நான்கு தலைமுறை யுத்தங்கள், கோட்டை கட்டிய சிற்பியின் சாபம் என்று மிகுந்த பிரயாசையோடு எழுதினேன். பிள்ளைகள் தமிழைத் தட்டுவது ஆங்கில எழுத்தில்தான் என்பதால் நானும் அப்படியே தட்டினேன். வரிக்கு ஏறக்குறைய இருபது எழுத்தே கொள்ளுமாதலால் நீண்ட தமிழ்ச் சொற்கள் வரியின் முடிவில் எசகுபிசகாக உடைந்தன, அவற்றையெல்லாம் மெய்ப்புத் திருத்துபவனுக்குரிய பிடிவாதத்தோடு மாற்றி மாற்றிச் சரிசெய்தேன். எல்லோரும் படிப்பார்களா என்று அறியும் ஆசையால், இருபத்து மூன்றாம் பக்கத்தில், கோட்டைக் கிணற்றின் வடக்குச் சுவரில் ஒரு கல்லுக்குப் பின்னால் வைரம் இருக்கிறது என்று ஒரு வாக்கியத்தைப் பேச்சோடு பேச்சாகச் சேர்த்து, மருமகனிடம் சொல்லி அவ்விடத்தில் வைக்கவும் செய்தேன். புத்தகத்தை எல்லோரும் பாராட்டினார்கள், அலமாரியில் வைத்தார்கள், அவரவருக்கு ஒரு படி எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்துக் கிணற்றடியில் பார்த்தேன். வைரம் வைத்த இடத்திலேயே இருந்தது.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் குற்றம் பிள்ளைகளுடையது என்று ஒரு கணமும் தோன்றவில்லை. இந்த விஷயத்தில் அனுபவம் மிக்கவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கத் தொடங்கினேன்.

பலர் கூடி ஆடும் கற்பனை உலகங்களில் புத்தகம் வைக்கும் வழக்கம் புதிதன்று. 1997-இல் வெளிவந்த அல்டிமா ஆன்லைனிலேயே ஆடுபவர்கள் வெற்றுப் புத்தகத்தில் தாங்களாக எழுதிப் பிறருக்குக் கொடுக்க முடிந்தது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்னும் வரிசையில் 1996-இல் வந்த டாகர்ஃபால் தொடங்கி, 2002-இல் வந்த மொரோவிண்ட், 2011-இல் வந்த ஸ்கைரிம், பலர் கூடி ஆடுவதற்கென்று 2014-இல் வந்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் வரைக்கும், வழியில் காணும் அலமாரிகளிலும் மேசைகளிலும் எடுத்துப் படிக்கத்தக்க நூல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன: சரித்திரம், சமய நூல், சமையல் குறிப்பு, நாடகம், காதற்கதை எல்லாமே. இவற்றில் நான் மிகவும் மதிக்கும் அம்சம் ஒன்று உண்டு. ஒவ்வொரு நூலும் அந்த உலகத்தில் வாழும் ஒரு குறிப்பிட்ட ஆசிரியனால் எழுதப்பட்டதாகவே இருக்கும்; அவனுக்கு ஒரு கட்சி உண்டு, பகை உண்டு, அறியாமையும் உண்டு. ஒரே யுத்தத்தை இரண்டு நூல்கள் இரண்டு விதமாகச் சொல்லும். எது உண்மை என்று விளையாட்டு தீர்ப்புச் சொல்லாது. படிப்பவனே நிதானிக்க வேண்டும். என் ஸ்தல புராணத்தில் இல்லாமற் போனது இதுதான் என்று உடனே விளங்கிற்று. அதை எழுதியவன் யார், எந்தத் தெருவில் இருந்தவன், யாருக்குப் பயந்து எதை மறைத்தான் என்பவற்றில் எதையும் நான் யோசித்திருக்கவில்லை.

ஆனால் அந்த விளையாட்டுகளில் எனக்கு உடன்பாடில்லாத வழக்கம் ஒன்றும் இருக்கிறது. ஸ்கைரிமில் சில நூல்களைத் திறந்த மாத்திரத்தில் ஆடுபவனுடைய வாள்வித்தையோ வேறொரு திறமையோ ஒரு படி ஏறிவிடும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் அலமாரிகளில் சிதறிக் கிடக்கும் நூல்களைக் கண்டெடுக்கக் கண்டெடுக்க மந்திரவாதிகள் சங்கத்தில் மதிப்பு உயரும். நல்ல எண்ணத்தோடு செய்த ஏற்பாடுதான். எனினும் திறப்பதற்குப் பரிசு கிடைக்கும்போது திறப்பதோடு காரியம் முடிந்துவிடுகிறது. ஒரு கணம் திறந்து மறுகணம் மூடிவிட்டு அடுத்த அலமாரிக்கு ஓடுகிறார்கள். கூட இருக்கும் தோழர்கள் முன்னால் போய்க்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் நின்று நாலு பக்கம் படிப்பது எப்படிச் சாத்தியமாகும்? தனியாக ஆடும்போது புத்தகம் ஓய்வாக இருக்கிறது. பலரோடு ஆடும்போது அதே புத்தகம் கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்துவிடுகிறது. இந்தச் சங்கடத்துக்கு வழி தேடாமல் எழுத்தை மட்டும் செம்மைப்படுத்திப் பயனில்லை என்ற முடிவுக்கு வந்தேன்.

இதை யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு முறை திருமலைக்குப் போக நேர்ந்தது. அங்கே கோயிற் சுவர்களில் நிறைந்திருக்கும் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் இருப்பவை. 1930-களிலேயே தேவஸ்தானம் அவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டு வெளியிட்டது. யார் எவ்வளவு பொன் கொடுத்தார், எந்த விளக்குக்கு எவ்வளவு நெய், எந்தத் திருநாளில் என்ன அமுதுபடி, நிவேதித்த பிரசாதத்தில் கட்டளையிட்டவருக்கு நாலில் ஒரு பங்கு, அதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர், அந்தப் பங்கு யார் யாருக்குப் போக வேண்டும் என்றெல்லாம் கணக்காகச் சொல்பவை. வரிசையில் நிற்கும் ஆயிரக்கணக்கான பேர் அந்த எழுத்துகளின் மேல் தோள் உராய நகர்கிறார்கள், ஒருவரும் படிப்பதில்லை, படிக்கவும் முடியாது, கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆனாலும் ஒரு கணம் என் கண்ணில் பட்ட ஒரு வரியில், நாழியும் உழக்கும் கலந்து ஏதோ ஓர் அளவு இருந்ததைப் பார்த்தபோது, அந்த அரிசியை அளந்த கை எனக்குத் தெரிந்ததைப் போல் இருந்தது. என்னுடைய நாற்பது பக்கத்தில் அப்படி அளந்து சொன்னது ஓர் உழக்குக்கூட இல்லை.

அதே கோயிலில்தான் தாள்ளபாக்கம் அன்னமாசாரியரின் பாட்டுகள் செப்பேடுகளில் வெட்டப்பட்டு, உண்டியலுக்கு எதிரே உள்ள ஒரு சிறு கல் அறைக்குள் அடைந்து கிடந்தன. அவர் 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர் என்பர்; பாடியவை 32,000 என்பது மரபு. செப்பேடுகளில் நமக்குக் கிடைத்திருப்பவை பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை. சென்ற நூற்றாண்டில் அந்த ஏடுகள் வெளியே வந்து, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்ற அறிஞர்கள் திருப்பதியில் அமர்ந்து படித்துப் பதிப்பித்த பிறகே அவற்றில் பல மீண்டும் பாட்டாயின. மறைந்த அறையில் ஒளிந்திருக்கும் அரிய ஏடு என்பது கற்பனை விளையாட்டுகளை அமைப்பவர்களுக்கு மிகவும் பிரியமான காட்சி. எங்கள் சீமையில் அது நடந்த உண்மை. செம்பு அழியவில்லை, எழுத்தும் தேயவில்லை. பாட்டு மட்டும் எத்தனையோ தலைமுறைகளுக்கு ஒருவர் காதிலும் விழவில்லை. அறைக்குள் பத்திரமாக இருப்பதும் படிக்கப்படுவதும் எவ்வளவு தூரம் வேறு வேறானவை என்பதை எண்ணிக்கொண்டே மலை இறங்கினேன்.

வழி கடைசியில் எங்கள் பக்கத்துத் தர்மராஜா கோயில்களிலிருந்துதான் கிடைத்தது. சித்தூர் சீமையிலும் வட ஆர்க்காட்டிலும் கோடைக்காலத்தில் பாரத உற்சவம் நடக்கும். பல ஊர்களில் பதினெட்டு நாள். பகலில் பாரதம் படிப்பு, இரவில் கூத்து. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒருவர் செய்யுளை ராகத்தோடு படிப்பார், பக்கத்தில் இருப்பவர் அதற்கு அர்த்தம் சொல்வார், எங்கள் ஊர்ப் பக்கம் அர்த்தம் பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும் வரும். கேட்பவர்களில் எழுத்துத் தெரிந்தவர் சிலரே இருந்த காலத்திலும் கதை தெரியாதவர் ஒருவரும் இருந்ததில்லை. அன்று படித்த கட்டம் அன்று இரவே எதிரில் நடந்துவிடும். அர்ச்சுனன் தபசு மரத்தின் மேல் ஏறுவான், பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். கடைசி நாளில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் உருவம் களத்தில் படுத்திருக்கும், ஊர் முழுவதும் அதைச் சுற்றி வரும். ஒரு புத்தகத்துக்குள் ஒரு கிராமம் பதினெட்டு நாள் குடியிருக்கிறது. பலர் கூடி ஆடும் உலகத்தில் புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்று நான் அமெரிக்க விளையாட்டுகளிலெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். என் பாட்டி என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிய இடத்தில் அது இருந்தது. படிப்பவர் ஒருவர், அர்த்தம் சொல்பவர் ஒருவர், கேட்பவர் பலர்.

மைன்கிராஃப்டில் 2019-ஆம் ஆண்டு முதல் லெக்டர்ன் என்னும் சாய்மேடை ஒன்று இருக்கிறது. அதில் புத்தகத்தை விரித்து வைக்கலாம். பலர் ஒரே சமயத்தில் அதைப் பார்க்கலாம். விசேஷம் என்னவென்றால், ஒருவர் பக்கத்தைத் திருப்பினால் எல்லோருக்கும் பக்கம் திரும்பிவிடும். பக்கம் திரும்புவதைக் கொண்டு கதவு திறக்கும்படியான பொறியும் அமைக்கலாம் என்று மருமகன் காட்டினான். அவனுக்குக் கதவு முக்கியமாக இருந்தது. எனக்கு அந்தப் பொதுவான பக்கம்தான் முக்கியமாகப் பட்டது, ஏனெனில் அது பாரதம் படிப்பவருக்கு முன்னால் இருக்கும் பீடம்.

மீண்டும் எழுதத் தொடங்குமுன் இன்னும் இரண்டு படைப்புகளைப் பற்றி அறிந்தேன். இரண்டும் என் இரண்டாம் முயற்சிக்கு உதவின. ஒன்று, எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பு 2020 மார்ச் 12-ஆம் தேதி இதே மைன்கிராஃப்டில் திறந்த தணிக்கையற்ற நூலகம். தங்கள் நாட்டில் தடைசெய்யப்பட்ட பத்திரிகையாளர்களுடைய கட்டுரைகளை, விளையாட்டுக்குத் தடையில்லை என்ற ஒரு வழியைக் கண்டு, விளையாட்டுக்குள் புத்தகங்களாக வைத்தார்கள். படுகொலை செய்யப்பட்ட சவூதி எழுத்தாளர் ஜமால் கஷோக்ஜியின் எழுத்தும் அங்கே இருக்கிறது. 16 நாடுகளைச் சேர்ந்த 24 பேர் சுமார் மூன்று மாதத்தில், ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம் கட்டிகளால் அந்த மாளிகையை எழுப்பினார்கள். கட்டுரைகள் மூல மொழியிலும் ஆங்கிலத்திலும் அங்கே வைக்கப்பட்டன. மாளிகையின் பிரம்மாண்டத்தைவிட, இரண்டு மொழியும் அருகருகே இருந்ததே என் மனத்தில் தங்கிற்று. மற்றொன்று, கனடாவில் இருக்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு 2023 ஜூலை 31-ஆம் தேதி வெளியிட்ட வெண்பா. தனியாக ஆடுவது அது. மந்திரமும் அரக்கர்களும் அதில் இல்லை. 1980-களின் இறுதியில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்ப் பெண், தன் தாய் கொடுத்த சமையல் குறிப்பு ஏட்டை வைத்துச் சமைக்கிறாள். ஏட்டில் வரிகள் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கின்றன. அழிந்த வரியை நாம் யோசித்து நிரப்பினால்தான் இட்டலி வேகும். அந்த ஏட்டைப் படிக்காமல் ஓர் அடியும் நகர முடியாது. முழுமையான குறிப்பாக இருந்திருந்தால் கண்ணை ஓட்டிவிட்டுப் போயிருப்போம். அழிந்திருப்பதனால் ஒவ்வொரு சொல்லையும் நின்று பார்க்கிறோம்.

இதற்கிடையில் எழுத்தைப் பற்றி ஒரு சொல். தமிழையும் தெலுங்கையும் ஒழுங்காகக் கோத்துக் காட்டும் வசதி இன்னமும் எல்லா விளையாட்டுகளிலும் வந்துவிடவில்லை. தமிழில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், தெலுங்கில் எழுத்தின் அடியில் சேர வேண்டிய ஒத்து தனியாகப் பிரிந்து கிடக்கும். அச்சுக் கோத்தவர்களின் விரல்கள் ஒரு நூற்றாண்டு பாடுபட்டு ஒழுங்குபடுத்திய எழுத்து அது. விளையாட்டை அமைப்பவர்கள் இதைச் சில்லறைக் காரியமாக எண்ணாமல் முதலிலேயே கவனிக்க வேண்டும் என்று மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு குழந்தை தன் தாய்மொழியை முதன்முதலாக அந்த உலகத்தில் காணும்போது அது முறிந்த நிலையில் காணப்படக் கூடாது.

இரண்டாம் முறை நான் எழுதியவை இரண்டு சிறு கணக்குப் புத்தகங்கள். ஒவ்வொன்றும் ஆறே பக்கம். பிள்ளைகளின் ராஜ்யத்தில் ஓடும் ஒற்றை ஆற்றின் கரையில் முன்னொரு காலத்தில் ஒரு சத்திரம் இருந்ததாகவும், வெள்ளத்தில் அது போய்விட்டதாகவும், போவதற்கு முந்திய இரவு சத்திரத்து விளக்கையும் பாத்திரங்களையும் யாரோ புதைத்ததாகவும் வைத்துக்கொண்டேன். தென்கரைக் கணக்கப்பிள்ளை எழுதியது ஒரு புத்தகம், அது தமிழ். வடகரைக் கணக்கரான கரணம் எழுதியது மற்றொன்று, அது தெலுங்கு. இருவருக்கும் ஆகாது. கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் மூன்று கருவேல மரங்கள் நின்ற இடம் சொல்லப்பட்டிருக்கும். அங்கிருந்து எத்தனை அடி, எந்தத் திசை என்பது கரணத்தின் புத்தகத்தில் இருக்கும். அன்று சத்திரத்தில் இருந்த அரிசி பன்னிரண்டு மூட்டை என்று ஒருவர் எழுதியிருப்பார், பத்து என்று மற்றவர். ஐந்தாம் பக்கத்தில் ஈரம் பட்டு இரண்டு வரி போயிற்று என்று புள்ளிகளால் நிரப்பினேன். கணக்கப்பிள்ளை ஆற்றைப் பொன்னை என்றார். கரணம் நீவா என்றார்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது தெரியும். சித்தூர் வழியாக நீவா என்ற பெயரில் வரும் ஆறுதான் தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் பொன்னை ஆகிப் பாலாற்றில் சேர்கிறது. இரண்டு புத்தகங்களையும் ஆற்றங்கரையில் இரண்டு சாய்மேடைகளில் எதிரெதிராக வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்தோம்.

மூன்று நாள் பிள்ளைகள் இரண்டாவது ஆற்றைத் தேடி அலைந்தார்கள். வேலூர்ப் பிள்ளைகள் தமிழ்ப் புத்தகத்தைப் படித்துவிட்டு மேற்கே மலை வரைக்கும் போனார்கள். மதனப்பள்ளிப் பிள்ளைகள் தெலுங்குப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஆற்றின் ஊற்றுக்கண் வரைக்கும் ஏறினார்கள். நாலாம் நாள் மாலை எல்லோரும் திரும்பி வந்து மேடையைச் சுற்றி நின்றார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், ஆறாம் வகுப்புப் படிப்பவள், அன்று எங்கள் திண்ணையிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தாள். அவள் மெதுவாகப் படிப்பவள். ஆள்காட்டி விரலைத் திரையின் மேல் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, உதடு அசையப் படிப்பாள். பக்கம் திடீரென்று மாறியது.

"திருப்பாத! நான் இன்னும் முடிக்கல."

"எவ்ளோ நேரம்டி?" என்றான் வேலூர்ப் பையன்களில் பெரியவன்.

"அப்ப நீயே சத்தமாப் படி. நான் கேக்கறேன்."

அவன் படித்தான். முதலில் அவசரமாக, பிறகு, எல்லோரும் பேசாமல் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும், நிறுத்தி நிறுத்தி. தமிழ்ப் புத்தகம் முடிந்ததும் எதிர் மேடைக்குப் போனார்கள். மதனப்பள்ளிப் பையன் தெலுங்கைப் படித்தான். "என்னடா சொல்றான் அவன்?" என்று வேலூரிலிருந்து கேள்வி வந்தது. என் மருமகன் வாயைத் திறக்குமுன் அந்தப் பெண் சொல்லத் தொடங்கினாள், ஒரு பக்கத்துக்கு ஒரு முறை நிறுத்தி, அவன் படித்ததைத் தமிழில். பாரதத்தில் அர்த்தம் சொல்பவர் செய்வதைப் போலவே, இரண்டு வரியை நாலு வரியாக விரித்துச் சொன்னாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. நீவா என்ற இடம் வந்தபோது நின்றாள்.

"நீவான்னா எந்த ஆறு?" என்றான் வேலூர்ப் பையன்.

"எங்க பாட்டி ஊருகிட்ட ஓடுதே, அதான். உங்க பக்கம் வந்தா பொன்னைம்பாங்க, பாட்டி சொல்லிருக்கு."

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. ஒலிக்கருவியில் யாருடைய வீட்டிலோ மின்விசிறி சுற்றும் ஓசை மட்டும் கேட்டது. "அப்போ ரெண்டும் ஒரே ஆறா?" என்று அவன் கேட்ட குரலை நான் மறக்கமாட்டேன். வேலூரில் பிறந்து வளர்ந்த அந்தப் பையன், பொன்னைக்கு மேல்பக்கம் ஒரு பெயர் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தான். பிறகு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். கருவேல மரங்களிலிருந்து அடி எண்ணிக்கொண்டு போய்த் தோண்டினார்கள், விளக்கு கிடைத்தது. ஆனால் விளக்கை எடுத்த பிறகும் அவர்கள் மேடையை விட்டுப் போகவில்லை. அரிசி பன்னிரண்டு மூட்டையா பத்து மூட்டையா, இரண்டு மூட்டையை எடுத்தவர் கணக்கப்பிள்ளையா கரணமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து இரவு பத்து மணி வரை வாதாடினார்கள். உண்மையைச் சொல்லும்படி என்னிடம் வந்து கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அது சத்தியமும்கூட, நான் அதை முடிவு செய்திருக்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் கரணத்தின் புத்தகம் மேடையிலிருந்து காணாமற் போயிற்று. சாய்மேடையில் உள்ள புத்தகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முடியும் என்பதை நான் கவனித்திருக்கவில்லை. மதனப்பள்ளித் தம்பி, அது தங்கள் மொழிப் புத்தகம் என்ற பிரியத்தால் எடுத்துக்கொண்டு போய்த் தன் அறையில் வைத்துக்கொண்டான் என்று பிறகு தெரிந்தது. நல்லவேளையாக வேறொருவரிடம் ஒரு படி இருந்தது. அதுவும் படியின் படி, இனிமேல் அதிலிருந்து எடுக்க முடியாது. அதை மேடையில் வைத்துச் சுற்றிலும் ஒரு சிறு மண்டபம் கட்டி, கதவுக்கு இரவு பகல் முறைக்காவல் போட்டிருக்கிறார்கள். நாற்பது பக்க ஸ்தல புராணத்துக்கு ஒருவரும் காவல் போடவில்லை.

இந்த மாதம் அந்தப் பெண் இரண்டு மேடைகளுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றை வைத்திருக்கிறாள். கரும்பை வெட்டித் தாள் செய்ததும், கோழி இறகு பொறுக்கியதும் அவளே. அதில் என்ன எழுதுகிறாள் என்று பார்த்தேன்: ஆற்றில் தண்ணீர் இருந்த காலத்தில் அவள் பாட்டி துணி துவைத்த கல், அக்கரையிலிருந்து வெற்றிலை விற்க வந்தவர், ஒரு மழையில் மாடு அடித்துக்கொண்டு போனது. பாதி வாக்கியம் தமிழ், பாதி தெலுங்கு. பாட்டி பேசுவது அப்படித்தான். வேலூர்ப் பையன் இரவில் வந்து, தெரியாத சொற்களுக்கு அவளிடம் அர்த்தம் கேட்டுப் போகிறான். ஒன்பது பக்கம் ஆகியிருக்கிறது. தலைப்பு இடவில்லையே, கையெழுத்துப் போடவில்லையே என்று கேட்டேன்.

"போட்டா அப்புறம் சேக்க முடியாது மாமா" என்றாள். "பாட்டி இன்னும் சொல்லிட்டுத்தான் இருக்குது."